மூன்றாம் நாள் வீட்டுக்குப் போங்கள்: ஊரில் பெண்பிள்ளைகளுக்கு மாலைப்பள்ளி தொடங்குகிறவர்களுக்கு

இளவயதுத் திருமணத்தைத் தடுக்க வேண்டும் என்று வருகிற புதியவர்கள் அநேகமாக முதலில் செய்வது பதாகை அடிப்பது. அடுத்தது ஊர்வலம். அதற்கடுத்தது எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நிறத்தில் ரீசேட். நாங்களும் அதைத்தான் செய்தோம். ஊர்வலத்தில் முன்னுக்கு நின்ற ஒருத்தி அடுத்த மாதமே ஒரு பெடியனோடு போய்விட்டாள். அந்த ரீசேட்டைப் போட்டுக்கொண்டுதான் போனாள் என்று அவளுடைய தாய் சொன்னபோது எங்களுக்குச் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் பதாகையை மடித்து வைத்துவிட்டுப் பாயை விரித்தோம். முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டானிலிருந்து உள்ளே போகிற ஒரு ஊரில், பொதுநோக்கு மண்டபத்தில், பெண்பிள்ளைகளுக்கு ஒரு மாலைப்பள்ளி சில வருடங்களாக நடக்கிறது. புதிதாக நியமனம் பெற்று வந்த ரீச்சர்மார், பிரதேச செயலகத்துக்குப் புதிதாக வந்த உத்தியோகத்தர்கள், வெளிநாட்டிலிருந்து "எங்கட ஊருக்கும் ஒண்டு தொடங்கலாமோ" என்று கேட்கிறவர்கள், எல்லோரும் எப்படித் தொடங்குவது என்ற ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

தொடங்கு முன்: இங்கே அது எப்படி நடக்கிறது

எங்கள் பக்கம் "சிறுவர் திருமணம்" என்ற சொல்லை யாரும் பாவிப்பதில்லை. "கூட்டிக்கொண்டு போட்டான்", "அவள் போட்டாள்", "சேத்து வச்சாச்சு" என்பார்கள், அந்த மூன்றுக்குள் எல்லாம் அடங்கிவிடும். பந்தல் இல்லை, அழைப்பிதழ் இல்லை, பதிவாளரும் வரமாட்டார். பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டிருப்பாள், போனுக்குக் காசு, ரீலோட், போட்டுவிடுகிற ஒரு அண்ணன் இருப்பான், ஊரில் ஒரு கதை கிளம்பும், கதை கிளம்பியபின் தாயே "இனி என்ன செய்யிறது, சேத்து விடுவம்" என்பாள். எல்லாம் ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும்.

பழைய கணக்கொன்றும் இருக்கிறது. கடைசி யுத்தம் நடந்த 2008, 2009இல் பிள்ளையை இயக்கத்துக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில் பதினைந்து, பதினாறு வயதில் அவசரமாகக் கட்டிவைத்த வீடுகள் வன்னியில் எத்தனையோ. பங்கருக்குப் பக்கத்தில் மஞ்சள் கயிறு கட்டியவர்கள் இருக்கிறார்கள். அன்று கட்டப்பட்டவளுக்கு இன்று முப்பது தாண்டிவிட்டது, அவளுடைய மகள்தான் இன்று எங்கள் பாயில் இருக்கிறாள். அந்தத் தாயிடம் போய் "சின்ன வயதில் கட்டக் கூடாதம்மா" என்று வகுப்பெடுக்காதீர்கள். அவளுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும்.

2016இல் எடுத்த குடித்தொகை சுகாதார அளவீட்டின்படி, இலங்கையில் 20 முதல் 24 வயதுப் பெண்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் 18 வயதுக்கு முன் குடும்பமாகிவிட்டவர். அதற்கு முந்தைய அளவீட்டில் வடக்கைச் சேர்க்கவே இல்லை. ஆகவே "முன்னர் கூட, இப்போது குறைவு" என்று யாராவது அளந்தால் எந்தக் கணக்கை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள்.

சட்டத்தை நான்கு வரியில் மனப்பாடம் செய்யுங்கள்

1995ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு, பொதுச் சட்டத்தின் கீழ் ஆணுக்கும் பெண்ணுக்கும் 18 முடியாமல் கலியாணம் செல்லாது. தாய் தகப்பன் சம்மதித்தாலும் செல்லாது. தாலி கட்டி வீட்டில் விளக்கேற்றியிருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அவள் மனைவி இல்லை. ஆகவே அவளுக்கு 16 ஆகாவிட்டால் அந்தப் பெடியன்மேல் விழுவது பாலியல் வல்லுறவு வழக்கு, அவள் விரும்பித்தான் போனாள் என்பது அதில் எடுபடாது. முஸ்லிம் குடும்பங்களுக்கு 1951ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது, அதில் குறைந்தபட்ச வயது என்று ஒன்று வைக்கப்படவில்லை. மன்னார்ப் பக்கமும் முல்லைத்தீவுக் கரையிலும் வேலை செய்யப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போங்கள், அங்கே அந்தச் சமூகத்துப் பெண்கள்தான் முன்னின்று பேச வேண்டும், வெளியார் பேசினால் கதை வேறு பக்கம் திரும்பிவிடும்.

கட்டாயக் கல்வி வயதை 2016இல் 5 தொடக்கம் 16 என்று உயர்த்தினார்கள். இதுதான் எங்களுக்கு அதிகம் உதவுகிற சட்டம். ஏன் என்று கீழே வரும்.

1. இடம், நேரம், திறப்பு

தனிக் கட்டடம் தேட வேண்டாம். பொதுநோக்கு மண்டபம், முன்பள்ளி, சனசமூக நிலையம், கோயில் மடம், தேவாலயப் பங்கின் மண்டபம், எது ஊரின் நடுவில் இருக்கிறதோ அது. ஓடு ஒழுகினாலும் பரவாயில்லை, ஆனால் கதவு பூட்டுகிற ஒரு மலசலகூடம் கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் மாதத்தில் நான்கு ஐந்து நாள் பெரிய பிள்ளைகள் வரமாட்டார்கள், ஏன் வரவில்லை என்றும் சொல்லமாட்டார்கள். அதற்குள் ஒரு பெட்டியில் மாதவிடாய்க்கான பாட் வைத்துவிடுங்கள், எடுத்தவர் யார் என்று எழுதாதீர்கள்.

நேரம் பின்னேரம் மூன்றிலிருந்து ஐந்து. பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு விடும், வந்து சாப்பிட்டு, தம்பியைக் குளிக்கவார்த்து, தண்ணீர் அள்ளி வைத்துவிட்டு வர மூன்றாகும். ஐந்தரைக்குமேல் இழுக்காதீர்கள். யானை வருகிற ஊர்களில் காரணம் சொல்லத் தேவையில்லை, மற்ற ஊர்களில் இருட்டில் வீதியால் வருகிற பிள்ளையைப் பற்றிக் கதை கட்ட நாலு பேர் மதகில் இருப்பார்கள்.

மண்டபத்தின் திறப்பு, அதாவது சாவி, ஆரிடம்? மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில், மண்டபத்துக்குப் பக்கத்து வீட்டில் இருக்கிற ஒரு அம்மாவிடம். உங்களிடம் வேண்டாம். நீங்கள் மாற்றலாகிப் போய்விடுவீர்கள்.

இன்னொன்று, வளர்ந்தவர் எப்போதும் இரண்டு பேர் இருக்க வேண்டும், அதில் ஒருவர் கட்டாயம் பெண். கணிதம் படிப்பிக்க ஒரு தம்பி வருவான், நல்லவன்தான், ஆனாலும் தனியே விடாதீர்கள். பிள்ளைகளுக்கும் அது பாதுகாப்பு, அவனுக்கும் அது பாதுகாப்பு.

2. ஆட்களை அறிந்து வையுங்கள்

போனில் சேமிக்க வேண்டிய ஆட்கள்: கிராம சேவையாளரான ஜீ.எஸ், மருத்துவமாதான குடும்பநல உத்தியோகத்தர், பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர், நன்னடத்தை உத்தியோகத்தர், பொலிஸ் நிலையத்தின் சிறுவர் மற்றும் மகளிர் பிரிவு, பள்ளிக்கூட அதிபர். கூடவே 1929. அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலவச இலக்கம், இருபத்துநாலு மணிநேரமும் எடுப்பார்கள், தமிழிலும் கதைக்கலாம். பெண்களுக்கான இலக்கம் 1938.

இவர்களை முதன்முதலாக ஒரு பிரச்சினையோடு போய்ச் சந்திக்காதீர்கள். பிரச்சினை இல்லாத நாளில் போய், பெயரைச் சொல்லி, தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள். பிரச்சினை வருகிற நாள் அநேகமாக வெள்ளிக்கிழமை பின்னேரமாகத்தான் இருக்கும், அப்போது போன் எடுத்தால் "ஓ, நீங்களோ, சொல்லுங்கோ" என்று பதில் வர வேண்டும்.

வலயக் கல்வி அலுவலகத்தில் முறைசாராக் கல்விக்கென்று பொறுப்பான ஒருவர் இருப்பார். பள்ளிக்கூடத்தை விட்ட பிள்ளைகளுக்கு எழுத்தறிவு வகுப்பு, சமூகக் கற்றல் நிலையம் எல்லாம் அந்தப் பிரிவின் கீழேதான் வரும். அவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்கினால் உங்கள் வகுப்புக்கு ஒரு தலைப்பாவது கிடைக்கும், சில நேரம் புத்தகமும் கிடைக்கும்.

3. முதல் மாதம் கலியாணத்தைப் பற்றிக் கதைக்காதீர்கள்

இதைக் கேட்டால் நிதி தருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் "உங்கட பிள்ளை ஓடிப்போகாமல் இருக்க வகுப்பு நடத்துறம்" என்று ஊரில் அறிவித்தால் எந்தத் தாய் அனுப்புவாள்? கணிதம், ஆங்கிலம், தையல் என்று சொல்லுங்கள். அதுவும் பொய்யாக இல்லாமல் உண்மையாகவே படிப்பிக்க வேண்டும். எங்கள் ஊரில் பிள்ளைகள் பள்ளியை விடுவது பெரும்பாலும் ஒன்பதாம் பத்தாம் ஆண்டில், கணிதம் பிடிபடாமல் பின்வாங்கில் குறுகி இருந்து, ஒரு நாள் சுகமில்லை என்று நின்று, அப்படியே நின்றுவிடுவதுதான். பின்னம் விளங்கிய பிள்ளை அடுத்த நாள் பள்ளிக்குப் போவாள். விழிப்புணர்வை விடப் பின்னம் அதிகம் தடுத்திருக்கிறது என்று நான் சத்தியம் பண்ணுவேன்.

தெற்கு வங்காளதேசத்தில் 2013 முதல் 2015 வரை பாலிகா என்று ஒரு திட்டம் ஊர் ஊராகப் பெண்பிள்ளைகளுக்கு நிலையங்கள் வைத்துப் பார்த்தது. சில ஊர்களில் கணிதம் ஆங்கிலம், சில ஊர்களில் உரிமைக் கல்வி, சில ஊர்களில் தொழில் பயிற்சி. ஒன்றும் செய்யாத ஊர்களோடு ஒப்பிட, மூன்று வகையிலும் இளவயதுத் திருமணம் ஏறத்தாழக் கால்பங்கிலிருந்து மூன்றிலொரு பங்குவரை குறைந்தது. எதைப் படிப்பித்தாலும் குறைந்தது என்றால், பாதிக் காரியத்தைச் செய்வது பாடமல்ல, கிழமை தவறாமல் கூடுகிற அந்த இடம்தான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

4. வரவுப் புத்தகம்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போவதென்றால் இதை எடுங்கள்.

எண்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கி, இடப்பக்கம் பெயர், பிறந்த திகதி, பள்ளிக்கூடத்தில் எந்த ஆண்டு, வீட்டுக்கு ஆர் ஆக்கள் என்று எழுதுங்கள். வலப்பக்கம் இரண்டு நிரல். ஒன்று இன்று இங்கே வந்தாளா. மற்றது இன்று பள்ளிக்கூடம் போனாளா. இரண்டாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பிள்ளைகளே ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிவிடுவார்கள், கேட்டால் போதும்.

இரண்டாவது நிரலில் தொடர்ந்து மூன்று நாள் போகவில்லை என்று புள்ளடி விழுந்தால், மூன்றாம் நாள் பின்னேரமே வீட்டுக்குப் போங்கள். ஒரு கிழமை பார்ப்போம் என்று இருக்காதீர்கள். நான் அப்படிப் பார்த்திருந்து ஒரு பிள்ளையை விட்டிருக்கிறேன். தரம் பத்து, நல்ல எழுத்து, கொப்பியின் ஓரத்தில் பூ கீறுவாள். திங்கள் வரவில்லை, செவ்வாய் வரவில்லை, வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போயிருப்பாள் என்று நானே எனக்கு ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். அடுத்த திங்கள் போனபோது தாய் திண்ணையில் இருந்து கச்சான் உடைத்துக்கொண்டிருந்தா. என்னைக் கண்டதும் சுளகைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பினா, வாங்கோ என்று சொல்லவில்லை. "பிந்திப் போச்சு தங்கச்சி" என்றா. அவ்வளவுதான். உள்ளே கொடியில் அந்தப் பிள்ளையின் பள்ளிச் சட்டை காய்ந்தபடி தொங்கியது.

பிறகு எண்ணிப் பார்த்தபோது, பள்ளிக்கூடத்தை விட்ட நாளுக்கும் வீட்டை விட்ட நாளுக்கும் இடையில் எத்தனையோ நாள் இருந்திருக்கிறது, நாங்கள்தான் அதைப் பார்க்கவில்லை. கட்டாயக் கல்வி வயது 16 என்பது இங்கேதான் உதவும். பதினாறு ஆகாத பிள்ளை நின்றுவிட்டாள் என்று அதிபருக்கும் சிறுவர் உரிமை உத்தியோகத்தருக்கும் சொல்ல உங்களுக்கு ஒரு சட்டக் காரணம் இருக்கிறது, காதல் கீதல் என்று யாருடைய மானத்தையும் இழுக்கத் தேவையில்லை. "பிள்ளை வரவில்லை" என்பது ஊரில் யாரும் கோபிக்காத வசனம்.

இரண்டு பருவத்தில் இன்னும் கூர்மையாகப் பாருங்கள். ஒன்று, காலபோக நெல் அறுவடையும் கச்சான் பிடுங்கலும் வருகிற நாட்கள். தாய் விடியக் கூலிக்குப் போனால் பொழுதுபடத்தான் வருவாள், பெரிய பிள்ளை வீட்டில் தனிய. மற்றது, சாதாரணதரப் பரீட்சையான ஓ.எல் எழுதி முடித்து பெறுபேறு வரும்வரையான மாதங்கள். பள்ளி இல்லை, வேலை இல்லை, கையில் போன். எங்கள் ஊரில் போனவர்களில் பலர் அந்த இடைவெளியில்தான் போனார்கள். ஆகவே ஓ.எல் முடிந்த அடுத்த திங்களே அந்தப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்க விடுங்கள். "ரீச்சர்" என்று நாலு சின்னதுகள் கூப்பிட்டால் அவர்களுடைய நடையே மாறிவிடும், பார்த்திருக்கிறேன்.

5. வீட்டுக்குப் போனால் என்ன கதைப்பது

தனியே போகாதீர்கள், ஊர் அம்மா ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். கொப்பி பேனையோடு போகாதீர்கள். கடன்காரர் என்று நினைத்து ஒளித்துவிடுவார்கள். பகிடி இல்லை, நுண்கடன்காரர் கிழமைக்குக் கிழமை வந்துபோகிற ஊர்களில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே கதவு சாத்தப்படும்.

முதலில் பிள்ளையின் சுகத்தைக் கேளுங்கள். பிறகு கேட்டுக்கொண்டே இருங்கள். தாய் சொல்லுவா: "நீ சொல்லுறது சரிதான் பிள்ளை. ஆனா மனுசனும் இல்லாமல், படலையும் இல்லாத வீட்டிலை, குமரொண்டை நான் ஒருத்தியா எப்பிடிக் காக்கிறது? ஒருத்தன்ரை கையிலை குடுத்தா எனக்கு நித்திரையாவது வரும்." இதற்குச் சட்டத்தைப் பதிலாகச் சொன்னால் நீங்கள் தோற்றீர்கள். அவர் கேட்பது பாதுகாப்பு. பெரியம்மா வீட்டில் இரவு படுக்கலாமா, கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போடலாமா, அஸ்வெசும என்று அரசாங்க உதவி ஏதாவது விடுபட்டிருக்கிறதா, பிள்ளைக்குச் சைக்கிள் இருக்கிறதா, பள்ளி நேரத்துக்கு சிசு செரிய பஸ் அந்த வீதியால் வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். நாங்கள் ஒரு பிள்ளையைத் திரும்பப் பள்ளிக்கு அனுப்பியது ஒரு தாழ்ப்பாளாலும் ஒரு பழைய சைக்கிளாலும்தான்.

கதை கிளம்பிவிட்ட வீடென்றால் இன்னும் கவனம். அப்போது தாய் தகப்பனுக்குக் கோபம் பெடியன்மேல் இல்லை, ஊர் வாய்மேல். சாமத்தியச் சடங்குக்கு ஊரையே கூப்பிட்டுச் செய்தோமே, இப்போது எந்த முகத்தோடு வெளிக்கிடுவது என்று இருப்பார்கள். அந்த நேரத்தில் கோயில் ஐயாவோ, பங்குத் தந்தையோ, மௌலவியோ, மரியாதைப்பட்ட ஒரு ரீச்சரோ அந்த வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனால் பாதிக் கதை அடங்கிவிடும்.

6. படிப்போடு சேர்த்துக் கொடுக்க வேண்டியவை

பெண்பிள்ளைகளுக்குத் துணிவு வர வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், அது எப்படி வரும் என்று சொல்வதில்லை. எங்கள் அனுபவத்தில் தனியே ஒரு வேலையைச் செய்து முடித்தால் வருகிறது. பிரதேச செயலகத்துக்குப் போய்த் தன்னுடைய பிறப்புச் சான்றிதழின் பிரதியைத் தானே எடுக்க வேண்டும், இது ஒரு பாடம். இடம்பெயர்வில் தொலைத்த குடும்பங்களில் இன்னும் சான்றிதழ் இல்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள், வயதுக்குக் கடதாசி இல்லாவிட்டால் "அவளுக்குப் பதினெட்டாச்சு" என்று சொல்வது மிகச் சுலபம். 15 வயதானால் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம், பள்ளியில் இருந்தால் அதிபர் ஊடாக, விட்டிருந்தால் ஜீ.எஸ் ஊடாக. படிவத்தை நீங்கள் நிரப்பிக் கொடுக்காதீர்கள். பிழைத்தாலும் அவளே நிரப்பட்டும்.

குடும்பநல உத்தியோகத்தரை மாதம் ஒருமுறை கூப்பிடுங்கள், அந்த ஒரு மணித்தியாலம் நீங்கள் வெளியே போய்விடுங்கள். போன் பற்றியும் கதைக்க வேண்டும். தெரியாத இலக்கத்திலிருந்து மிஸ்ட் கோல், ரீலோட், "உன்ர படம் ஒண்டு அனுப்பு", பிறகு அந்தப் படத்தை வைத்து வெருட்டுவது. போனைப் பறி என்பது தீர்வில்லை, வெருட்டினால் யாரிடம் வரலாம் என்று தெரிந்திருந்தால் போதும்.

ஓ.எல் சரிவராத பிள்ளைக்கும் பாதை இருக்கிறது என்று பரீட்சைக்கு முன்பே சொல்லி வையுங்கள். 2017இல் தொடங்கிய பதின்மூன்று வருட உத்தரவாதக் கல்வியின் கீழ், பெறுபேறு எப்படி வந்தாலும் தொழிற்பிரிவில் தொடரலாம், அது இருக்கிற பள்ளிக்கூடம் எதுவென்று வலயத்தில் கேட்டு வையுங்கள். தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்கள் இருக்கின்றன, கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனம் இருக்கிறது. ஒரு தடவை பஸ் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஓவரோல் போட்டு நிற்கிற ஒரு அக்காவைக் கண்ணால் கண்டால் போதும்.

7. ஒருத்தி போய்விட்டாள் என்றால்

16 வயதுக்குக் கீழ் என்றால் நீங்கள் பஞ்சாயம் பேசுகிற ஆள் இல்லை. அன்றைக்கே 1929, பொலிஸின் சிறுவர் மகளிர் பிரிவு, நன்னடத்தை உத்தியோகத்தர். "இரண்டு வீடும் ஒத்துப்போட்டுது, நீங்கள் ஏன் குழப்புறியள்" என்று ஊரே சொல்லும், சொல்லட்டும். 16க்கும் 18க்கும் இடையில் என்றால், பதிவு செய்ய முடியாத கலியாணம் இது, பிள்ளை பிறந்தால் பிறப்புப் பதிவில் தகப்பன் பெயர் போடுவதிலிருந்தே இழுபறி என்று இரண்டு வீட்டாருக்கும் விளங்கப்படுத்துங்கள், சிறுவர் உரிமை உத்தியோகத்தரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளை வயிற்றில் என்றால் வயது எதுவானாலும் கிளினிக்குக்குப் போக வையுங்கள், பொலிஸ் வரும் என்ற பயத்தில் ஏழு மாதம்வரை ஒளித்து வைத்த வீடுகள் உண்டு. உயிருக்கு ஆபத்து அங்கேதான்.

பிள்ளை உங்களிடம் ஏதாவது சொல்ல வந்தால், "ஒருவருக்கும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "உனக்கு உதவக்கூடிய ஆளுக்கு மட்டும் சொல்லுவேன்" என்று சொல்லுங்கள். அவளுடைய கதையைக் கூட்டத்தில் உதாரணமாகச் சொல்லாதீர்கள், பெயரை மாற்றினாலும் ஊருக்குத் தெரியும். நாங்கள் ஒருமுறை அந்தப் பிழையை விட்டோம், அந்தப் பிள்ளையும் அவளுடைய தங்கச்சியும் பிறகு மண்டப வாசலை மிதிக்கவில்லை. படம் எடுத்து முகநூலில் போடுவதும் அதே வகைதான், காசு தந்தவர் கேட்டாலும் பாயையும் செருப்புகளையும் எடுத்து அனுப்புங்கள்.

கடைசியாக ஒன்று. போனவளின் பெயரை வரவுப் புத்தகத்தில் வெட்டாதீர்கள். புள்ளடி போட்டுக்கொண்டே போங்கள். எங்களிடம் அப்படி இரண்டு பேர் திரும்பி வந்தார்கள், ஒருத்தி கைக்குழந்தையோடு. ஓ.எல்லைத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதலாம் என்று கேள்விப்பட்டு வந்தாள். அவளுக்காக மண்டபத்தின் பின்பக்க வளையில் குழந்தைக்கு ஏணை கட்ட ஒரு கயிறு விட்டிருக்கிறோம். நீங்களும் ஒன்று விட்டு வையுங்கள், நைலோன் கயிறாக வாங்குங்கள், வளையில் கறையான் இருக்கிறதா என்று முதலே தட்டிப் பாருங்கள்.